விருந்தினர் அறைக்கு வேண்டிய சூடு

செம்பொழில் நகரில் வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் மனையை அளப்பதில்லை. தங்கள் உடம்புச் சூட்டை அளக்கக் கொடுப்பார்கள். செவ்வாய்க் கிரகத்தில் அதுதான் வழக்கம். அன்று காலை செங்கமலமும் அவள் கணவன் நன்மாறனும் தங்கள் சுரங்கக் குடியிருப்பின் ஒற்றை அறையில் கைகளை விரித்து நின்றார்கள். தையல்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோலச் சூடளவி என்ற ரோபோ அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தது.

கண்ணாடிக் கூரையின் கீழே காற்று உண்டு. ஆனால் குளிர் எலும்பைத் தொடும். புது வீடுகளுக்குக் கணப்பு கிடையாது. மரச்சட்டத்தை நிறுத்தி, அதன்மேல் காப்புப் பலகைகளைப் பொருத்துவார்கள். இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே காளான் நாரை நுரைபோல வளர்த்துச் செய்த பலகைகள் அவை. உள்ளே இருப்பவர்களின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எத்தனை பேர் குடியிருப்பார்களோ அதற்கேற்ற அளவில்தான் வீடு.

செங்கமலத்துக்கு வேலை, கண்ணாடிக் கூரைக்குக் கீழே நகரம் வளர்க்கும் காட்டில். கல்யாணமான வருடம் அவள் நட்ட மலைவேம்புகள் இப்போது வீட்டுக்கான உத்தரங்களாக அறுபட்டு, அடுக்கப்பட்டு, காய்ந்துகொண்டிருந்தன. வேலை முடிந்ததும் ஒரு நடை போய் அந்த உத்தரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

“ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. உங்கள் இருவர் சூடு இவ்வளவுக்குத்தான் போதும்” என்றது சூடளவி.

“விருந்தாளி ரூம் எங்க?” என்றாள் செங்கமலம்.

“யார் வந்து தங்குவார்கள்?”

“யாராவது வருவாங்க.”

“இதுவரை இங்கே யாரும் தங்கியதாகத் தெரியவில்லையே, அம்மா.”

“ரூமே இல்லாதப்ப எப்படி வந்து தங்குவாங்க?”

சூடளவி தன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தது. பிறகு, வருகிறவர்களின் சூட்டையும் அளந்தால் பார்க்கலாம் என்றது.

“அட, அவ்வளவுதானா?” என்று நன்மாறன் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மாலைக்குள் சுரங்கத் தெருவில் இருந்த மற்ற ஏழு குடும்பங்களும் அந்த ஒற்றை அறைக்குள் வந்துவிட்டன. எதிர்வீட்டுப் பரிமளம் ஒரு சட்டி நிறையக் கொழுக்கட்டையோடு வந்தாள். உட்கார இடமில்லாமல் ஒருவர் முழங்காலில் இன்னொருவர் சாய்ந்துகொண்டார்கள். யாரோ பாட, யாரோ தாளம் போட, சூடளவி ஆட்களை மிதிக்காமல் நுழைந்து நுழைந்து அளந்தது. சுவர்கள் வியர்த்தன. செங்கமலம் முந்தானையால் விசிறிக்கொண்டே சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குப் புழுங்கியது அன்றுதான்.

“தாராளமான சூடு” என்று சூடளவி ஒப்புக்கொண்டது. விருந்தினர் அறைக்கு அனுமதி கிடைத்தது. பலகைகளுக்கு நார் வளர்க்கத் தொடங்கினார்கள். தூண்களில் துளையிட்டு, உத்தர முனைகளை அதில் நுழையும்படி சீவி, ஆணியில்லாமல் மாட்டிப் பார்த்தார்கள். முதல் மூட்டு டக்கென்று உட்கார்ந்தபோது நன்மாறன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

சட்டம் நிறுத்துவதற்கு முதல் நாள் சூடளவி தெருவுக்கே வந்து எல்லாரையும் கூப்பிட்டது. மற்ற ஏழு குடும்பங்களும் வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தன. எல்லா வீட்டிலும் விருந்தினர் அறை. விருந்தாளிகள் என்று ஒவ்வொருவரும் காட்டியிருந்தது மற்ற ஏழு வீட்டாரை.

“ஒரு வீட்டில் எல்லாரும் கூடினால் மற்ற ஏழு அறைகளும் குளிரில் விறைக்கும். அவரவர் வீட்டிலேயே இருந்தால் எட்டும் விறைக்கும்” என்றது அது.



“நிஜந்தானே” என்றாள் பரிமளம்.

“அன்னைக்கு நம்ம ரூம்ல எவ்வளவு நல்லா இருந்துச்சு. ஒண்ணாக் கூடுறதுக்கு எட்டு எதுக்கு?” என்றாள் செங்கமலம்.

“அப்படியானால் தெருவுக்குப் பொதுவாக ஒரே ஒரு பெரிய விருந்தினர் அறை கட்டலாமா?” என்று கேட்டது சூடளவி.

எல்லாரும் மனம் நிறைந்து தலையாட்டினார்கள். இவ்வளவு சுலபமாக மனிதர்கள் ஒத்துப்போய் அது பார்த்ததில்லை. மகிழ்ச்சியோடு புது வரைபடத்தைச் சுவரில் விரித்து, “எந்த இடத்தில்?” என்றது.

“எங்க வீட்டோட சேர்த்துக் கட்டிடுங்க” என்றன எட்டுக் குடும்பங்களும், ஒரே குரலில்.