நூறுக்குக் கீழே நின்ற முள்

எஞ்சின் ராத்திரி முழுக்க அணைந்து கிடந்தது. முள் மட்டும் இறங்கவில்லை.

கலீலுல்லா மீட்டர் கண்ணாடியை நகத்தால் தட்டிப் பார்த்தான். மார்கழிக் காலை, தண்டையார்பேட்டையில் அவனுடைய பட்டறையின் தகரக் கூரையிலிருந்து பனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, தொட்ட ஸ்பேனரெல்லாம் விரலைக் கடித்தது, கடல் பக்கமிருந்து வந்த காற்றில் எலும்பு மில்லின் மக்கிய வாடை ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டிக்கொண்டது. ஆறிக் கிடக்கும் எஞ்சினில் அந்த டெம்பரேச்சர் முள் இடது ஓரத்தில் போய்ப் படுத்திருக்க வேண்டும். அதுவோ ஃபாரன்ஹீட் நூறு என்று போட்ட கோட்டுக்கு மயிரிழை கீழே சொகுசாக நின்றது.

மனுஷ உடம்புச் சூடு.

"இன்னா மாமு, ஜுரம் வண்டிக்கா, உனுக்கா?"

டிரைவர் சீட்டில் கம்பளிக்குள் சுருண்டிருந்த மாசானம் மூக்கை மட்டும் வெளியே நீட்டினான். "வண்டிக்குத்தான் பாய். நான் ஐஸ் பெட்டியில போட்ட கெளுத்தி மீனுல்லா!" சிரித்தான். சிரிப்புக்குச் சத்தமே வரவில்லை.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களோடு ஏலத்தில் வந்த லாரி அது. சிப்பாய்கள் அதில் எதை ஏற்றினார்களோ, இங்கே வந்த பிறகு அது சுமந்ததெல்லாம் மாட்டெலும்பும் பச்சைத் தோலும்தான். மாசானம்தான் ராயபுரம் கிடங்குக்குத் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு கழுவினாலும் பலகை இடுக்கில் கொழுப்பு மஞ்சளாகப் பிதுங்கும். அந்த மஞ்சளுக்குள் எதுவோ நெளியும். ரிப்பேருக்கு வரும்போதெல்லாம் கலீலுல்லாவுக்குக் காலைச் சாப்பாடு இறங்காது.

மாசானத்தின் பெண்சாதி இசக்கியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"பாய் அண்ணே, ஒரு மாசமா அவுக வீட்டுல தலை சாய்க்கல. வண்டியிலதான் கதகதன்னு இருக்காம். நேத்துத் தொட்டுப் பாத்தேன், செத்த மீனத் தொட்டாப்ல இருக்கு." கண்ணைத் துடைத்தாள். "வண்டி எக்கேடும் கெடட்டும். மனுசன எனக்கு இறக்கிக் குடுங்க."

"அழாதம்மா. இதுல இன்னா கீதுன்னு பாத்துட்டு நானே இறக்கி உடறேன். நீ போய் ஒரு ரிக்‌ஷா இட்டா."

அவள் ஓடினாள். கலீலுல்லா பானெட்டைத் தூக்கி நிறுத்தினான்.

முதலில் மீட்டர். எஞ்சின் தலையில் சொருகியிருந்த அதன் குமிழைத் திருகி வெளியே எடுத்தான். கூடவே ஒரு கோழை நூல் நீண்டு வந்து, அறுந்து, அவன் புறங்கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு லுங்கியில் துடைத்தான். குமிழைப் பச்சைத் தண்ணீர் வாளியில் விட்டான்; முள் இறங்கியது. டீத்தண்ணிக் கெட்டிலில் விட்டான், ஏறியது. மீட்டரில் பழுதில்லை. பொய் சொல்லவில்லை அது.

அடுத்து தண்ணீர். எண்ணூர்ப் பக்கம் ஓடுகிற டிரைவர்கள் கழிமுகத்து உப்புத் தண்ணியைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவார்கள் நல்ல தண்ணிதான் என்று. நாக்கில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். மூடியைத் திறந்து, விரலை விட்டு, வழக்கம்போல நாக்கில் தொட்டுக்கொண்டான்.

உப்புத்தான். ஆனால் கடலுப்பு இல்லை. வெட்டுப்பட்ட சொந்த விரலைச் சூப்பினால் வருமே, அந்த உப்பு.

துப்பினான். மறுபடியும் துப்பினான். வாயைக் கொப்பளித்து, செங்கல் தூளால் பல்லைத் தேய்த்தான். அடித்தொண்டையில் அது அப்படியே வழவழத்தது.

"எதாச்சும் தெரிஞ்சுதா பாய்?" மாசானத்தின் குரல் எங்கேயோ கிணற்றடியிலிருந்து வந்தது.

"கம்முனு கெட. கலீஜ் புடிச்ச வண்டி."

குமிழைத் திரும்பச் சொருகி, ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கிளப்பினான். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தலை கை வைக்க முடியாமல் கொதித்தது. முள் நூறுக்குக் கீழே நின்றது நின்றபடி. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயைப் பிடித்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

இந்தத் தொழிலில் இதைவிடச் சுலபமான வியாதி கிடையாது. குழாய் அடியில் தெர்மாஸ்டாட் என்று ஒரு பித்தளை வால்வு உண்டு. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை உள்ளேயே மடக்கி வைத்திருந்து, சூடானதும் திறந்துவிடும். அது திறக்காமல் மக்கர் பண்ணினால் இப்படித்தான் ஆகும். எஞ்சின் சுடும், குழாய் குளிரும். கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எஞ்சினை அணைத்தான். ஸ்பேனரை எடுத்தான்.

கை நின்றுவிட்டது.

இந்த லாரியில் தெர்மாஸ்டாட்டே கிடையாது. ஐப்பசியில் அவன்தான் கழற்றினான். 'நம்ம ஊரு வெயிலுக்கு இது இன்னாத்துக்கு, குளுரு தேசத்துக்காரன் வெச்சுக்கட்டும்' என்று இதே கையால் பழைய இரும்புக் குவியலில் கடாசினான். மெட்ராஸில் எல்லாப் பட்டறையிலும் செய்கிற வேலைதான். அந்த இடம் காலிப் பள்ளம். தண்ணீர் தாராளமாக ஓட வேண்டும்.

அப்படியானால் உள்ளே எது அடைத்துக்கொண்டிருக்கிறது?

போல்ட்டுகள் கழன்றன. பள்ளத்தின் மேல்மூடி கழலவில்லை. ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினான். வாயிலிருந்து முலையைப் பிடுங்கினாற்போல் 'ச்ச்ப்' என்ற சத்தத்தோடு வந்தது.

முதலில் வாடை. நோயாளியின் காலை நேரத்து வாய் வாடை.

பிறகு அது.

அவன் காலியாக விட்ட பள்ளத்தில் சதை வளர்ந்திருந்தது. விளிம்பு விடாமல், இரும்போடு ஒட்டி, ஈறு நிறத்தில். அதன்மேல் பூனைமயிர். நடுவில் ஒரு கீறல். கீறலின் இரண்டு ஓரமும் தடித்து, ஈரமாகி, வெண்ணிறக் கோழையில் ஒட்டிக்கொண்டிருந்தன. அது மெல்லத் துடித்தது. விம்மியது. அடங்கியது. விம்மியது.

ஸ்குரூ டிரைவர் நுனியால் லேசாகத் தொட்டான்.

"ஸ்ஸ்..." டிரைவர் சீட்டில் மாசானம் முனகினான்.

இன்னொரு முறை.

"அங்க தொடாதீக பாய். கூசுது."

ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது. கலீலுல்லா பாய்ந்து போய்க் கதவைத் திறந்தான். வண்டி கிடக்கட்டும். மனுஷனை இறக்க வேண்டும். அவளுக்குச் சொன்ன சொல்.

"எறங்கு மாசானம். எறங்குடா, உன் பொண்சாதி ரிக்‌ஷாவோட வருது."

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

கனமே இல்லை.

கம்பளி கனத்தது. ஆள் கனக்கவில்லை. எழுப்பிய வேகத்தில் மாசானம் இடுப்பில் மடங்கினான், தோளில் மடங்கினான், மடங்கக்கூடாத இடத்திலெல்லாம் மடங்கினான். உள்ளே எலும்பு தட்டுப்படவில்லை. கிடங்கில் அடுக்கிய பச்சைத் தோல் கையில் துவளுமே, அதே துவளல். அதே வழவழப்பு. வாய் திறந்து தொங்கியது. உள்ளே நாக்கு இல்லை.

"குளிரு விட்டுட்டு பாய்."

குரல் மாசானத்தினுடையது. வந்தது பானெட்டுக்கு அடியிலிருந்து.

வாசலில் ரிக்‌ஷா மணி. ஓடி வரும் காலடி. "எங்க இருக்கீக?"

"இங்கதான் இசக்கி." தெம்பான குரல். ஒரு மாதமாக அவள் கேட்டிராத குரல். "எஞ்சின் பக்கம் வா. எப்படிச் சுடுதுன்னு தொட்டுப் பாரு."

"வராதம்மா! கிட்ட வராத!" கலீலுல்லா கத்தினான். கையிலிருந்ததை உதறினான். அது அவன் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது.

அவள் புருஷனின் குரல் மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. தூக்கி நின்ற பானெட்டுக்கு அடியில் வெள்ளை ஆவி மண்டியிருந்தது. அதற்குள் குனிந்தாள், நெற்றியில் ஜுரம் பார்ப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டே.

"அண்ணே!" ஆவிக்குள்ளிருந்து நிமிர்ந்த அவள் முகமெல்லாம் சிரிப்பு. "சூடு வந்துட்டு! அவுகளுக்கு உடம்புல சூடு வந்துட்டு!"

மணிக்கட்டுக்குக் கீழே அவள் கை தெரியவில்லை. கீறலின் அந்த ஈர உதடுகள் அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தன.