தாள் வளையும் இடம்

வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு காலடி இருந்தது.

வெறுங்கால். மூன்று வயதுக் குழந்தையுடையதாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் ஐந்து விரல்களும் தனித்தனியாகப் பதிந்திருந்தன. காலையில் ஸ்டூடியோவைத் திறந்தவள் அதைப் பார்த்து அலுத்துக்கொண்டாள். பிறந்த குழந்தைகளைப் படம் எடுப்பது அவள் தொழில். மத்தியானத்துக்கு மேல் அதே இடத்தில் வேலை செய்பவரை அவள் பாத்திரக்காரர் என்றுதான் சொல்வாள்; கடைகளுக்காகக் குடமும் குக்கரும் படம் எடுக்கிறவர். தனியாக ஒரு ஸ்டூடியோ பிடிக்க இருவருக்குமே வழியில்லாததால் ஆளுக்குப் பாதி நாள் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேசி வைத்தது ஒன்றே ஒன்று: தாளை அழுக்காக்கியவர் அந்தத் துண்டை அறுத்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளை இறக்கி வைக்கவேண்டும்.

கூரையை ஒட்டி ஒரு நீளமான உருளை. பக்கத்தில் தொங்கும் சங்கிலியை இழுத்தால், அதில் சுற்றியிருக்கும் பின்னணித் தாள் சுவரோடு இறங்கி, அடியில் மூலையே தெரியாமல் மெல்ல வளைந்து, தரையில் வந்து படுத்துக்கொள்ளும். சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று படத்தில் யாராலும் சொல்லமுடியாது. பனி கொட்டும் ஊர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவள் மனதில் வருவது அந்த வளைவுதான்.

காலடி விழுந்த துண்டை அறுத்துச் சுருட்டி மூலையில் போட்டாள்.

அவள் மகள், பதினோரு மாதக் குட்டி, விரிப்பில் உட்கார்ந்து ஒரு லென்ஸ் மூடியைச் சப்பிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால் தினமும் அம்மாவோடு வந்துவிடுவாள். நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்பாள். பிடியை விட்டால் தொப்பென்று விழுவாள். இன்றைக்கா நாளைக்கா என்று அவளுடைய முதல் அடிக்காக அம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நான்கு காலடிகள். நான்கும் சுவரைப் பார்த்துப் போயின. திரும்பி வந்த தடம் இல்லை.

மூன்றாம் நாள் கதவைத் திறந்ததுமே, நனைந்த துணியை நாள்கணக்கில் மூடி வைத்ததுபோல ஒரு வாடை முகத்தில் அடித்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே மட்டும் மண்பானையின் வயிற்றைப்போல ஒரு குளிர்ச்சி தேங்கியிருந்தது. காலடிகள் தாளின் குறுக்கே போய், வளைவைத் தாண்டி, சுவரில் ஏறியிருந்தன. வழுக்கவில்லை. தரையில் நடப்பதுபோலவே குதிகாலும் விரலும் முழுதாக ஊன்றி, அதே இடைவெளியில், அவள் கைக்கு எட்டாத உயரத்தையும் கடந்து, உருளைக்குள் போய் மறைந்திருந்தன.

பாத்திரக்காரருக்கு விளையாட்டு ஜாஸ்தி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். கறைபட்டது முழுவதையும் இறக்கி அறுத்தாள். சங்கிலி கடகடவென்று ஓட, புதுத் தாள் இறங்கியது. வெள்ளை. வெள்ளை. இன்னும் கொஞ்சம் வெள்ளை.

பிறகு விரல்கள்.

யாரும் இதுவரை பிரிக்காத சுருளின் உள்ளிருந்து, கீழே பார்த்து இறங்கின கால்விரல் தடங்கள். தொட்டாள். ஈரம்.

சங்கிலியை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"அண்ணா, இந்தத் தாள்ல..."

"நானே கேக்கணும்னு இருந்தேன் தொட்டிலம்மா." அவளுக்கு அவர் வைத்த பெயர் அது. "நான் வர்றப்பல்லாம் கால் தடம். மூணு நாளா அறுத்து அறுத்துக் கை வலிக்குது. உங்க கஸ்டமர்லாம் இப்ப சுவத்துல கூட ஏறுறாங்களா?"

"என்கிட்ட வர்றதுங்களுக்குக் குப்புற விழக்கூடத் தெரியாதுண்ணா. அதுங்க எங்க நடக்கும்?"

அவர் சிரிப்பு நின்றது.

"என் குக்கருக்கும் கால் இல்லம்மா."

அவள் அண்ணாந்து உருளையைப் பார்த்தாள்.

"குட்டி எங்க?" என்றார்.

திரும்பினாள். விரிப்பு காலி.

குட்டி தாளின் மேல் நின்றுகொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். வலது கை தலைக்கு மேலே. பெரியவர்கள் விரலைப் பிடித்துக்கொள்ளும் குழந்தைபோல அந்தக் கை எதையோ பற்றியிருந்தது. அங்கே எதுவும் இல்லை.

ஒரு அடி வைத்தாள். விழவில்லை.

இன்னொரு அடி.

"குட்டி!"

திரும்பவில்லை. வளைவு வந்தது. பிஞ்சுக் கால் அதில் ஏறியது.

போன் எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடினாள். இரண்டு கையாலும் இடுப்பைச் சுற்றி வளைத்து இழுத்தாள். உடம்பு வந்தது. சூடாக, பால் வாசனையோடு, அவள் நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டது.

கை வரவில்லை.

நேராக மேலே நீண்டிருந்தது. விறைப்பாக. அவள் இழுக்க இழுக்க, அது மேலே போனது. யாரும் தொடாத சங்கிலி ஒரு கண்ணி நகர்ந்தது. கடக். காலடியில் தாள் சுவர்ப்பக்கம் நழுவியது. கடக். குழந்தையின் மணிக்கட்டில், சதையை அமுக்கிக்கொண்டு, ஐந்து சின்னப் பள்ளங்கள் விழுந்திருந்தன.

குட்டி மேலே பார்த்துச் சிரித்தாள்.

உருளை இன்னொரு சுற்று சுற்றியது.