கறிச் சட்டியில் வைத்த கரி

மூடியைத் திறந்ததும் ஜெயமதியின் மூக்கில் ஏறியது ஆட்டிறைச்சியின் மணம். அடுத்துத்தான் கவனித்தாள், சட்டிக்குள் கரித்துண்டு இல்லை. காலையில் மொன்றியலில், லாசால் பகுதி வீட்டை விட்டுப் புறப்படும்போது, பாபெக்யூ கரிப் பையிலிருந்து பொறுக்கியெடுத்த கட்டைக் கரியைக் கறிக்கு மேல் அவளே வைத்திருந்தாள். காட்டு வழியே இறைச்சி கொண்டுபோனால் பேய் பின்னால் வரும், கரி வைத்தால் அண்டாது. மட்டக்களப்பை விட்டு வந்து எத்தனை வருடமானாலும் அந்தப் பழக்கத்தைக் கை மட்டும் மறப்பதில்லை.

"இஞ்சருங்கோ, கரியைக் காணேல்ல."

"கனடாப் பேய் சாலட்தான் தின்னும், பயப்பிடாதையும்," என்றான் கணவன் மதிசுதன், சட்டிக்குள் கைவிட்டு ஒரு எலும்பை எடுத்தபடி.

ஏரியோரத்தில் பாறை செங்குத்தாக நின்றது. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ காவிச் சிவப்பில் தீட்டிய மனிதர்கள், ஒரு மான், ஒரு படகு. அவற்றைப் பார்க்கத்தான் இந்தப் பூங்காவுக்கு வந்திருந்தார்கள். தொடவேண்டாம் என்று பலகை சொன்னது. பழைய ஓவியங்கள் அழகாக, அடக்கமாக இருந்தன. அவற்றுக்குக் கீழேதான் அந்த அசிங்கம்.

ஆறு வயது மகள் றொஷினி, காணாமற்போன கரியால் பாறையில் கீறிக்கொண்டிருந்தாள். அப்பா, அம்மா, பிள்ளை. குழம்பில் ஊறிய கரி போன வழியெல்லாம் மஞ்சள் எண்ணெய் கசிந்து வழிந்து, குளிருக்குக் கொழுப்பு வெள்ளையாகத் திரண்டு, அதன்மேல் எங்கிருந்தோ வந்த ஈக்கள் அப்பிக்கொண்டு நெளிய, மூன்று உருவங்களும் மூச்சு விடுவதுபோல் இருந்தது. 

மதிசுதன் டிஷ்யூவால் அப்பாவைத் துடைத்தான், பிறகு அம்மாவை. மூன்றாவதில் கை வைத்ததும், தன்னை அழிக்கவேண்டாமென்று றொஷினி பிரெஞ்சில் கத்திக்கொண்டு பாறைக்குப் பின்னால் ஓடினாள். தமிழ் விளங்கும், வாயில் வருவது பிரெஞ்சுதான். அவளைச் சமாதானப்படுத்த அவன் அதை அப்படியே விட்டுவிட்டான்.

சாமான்களைக் கட்டிவிட்டு ஜெயமதி நிமிர்ந்தபோது பாறையில் அந்த மூன்றாவது உருவமும் இல்லை. எப்படியோ அழிந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்தது.

"வீட்ட போவம் அம்மா," என்றாள் பின்னால் வந்து நின்ற றொஷினி. சுத்தமான தமிழ்! பூரித்துப்போய் மகளின் கையைப் பிடித்தாள். பிசுபிசுவென்று வழுக்கியது.

காரில் ஹீட்டர் போட்டதும் நாற்றம் கிளம்பியது. நாள்பட்ட கொழுப்பின் நாற்றம். பின் சீட்டில் ஒரே சொல்தான்: "பசிக்குதம்மா." சட்டியைக் கொடுத்தாள். மெல்லும் சத்தம், எலும்பு நொறுங்கும் சத்தம், சட்டியை நக்கும் சத்தம், மறுபடி அதே சொல். மதிசுதன் கண்ணாடியை இறக்கினான். பாலம் கடந்து மொன்றியல் வரும்வரை அதை மூடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் கார் சீட்டைக் கழுவக் கீழேயே நின்றுவிட்டான். ஜெயமதி மகளைத் தொட்டிக்குள் இறக்கினாள். சுடுதண்ணீரில் எண்ணெய் வட்டம் வட்டமாகப் பரவியது. துவாயில் சோப்புப் போட்டு நெற்றியைத் தேய்த்தாள்.

துவாயில் கறுப்பு.

இன்னும் தேய்த்தாள். இடது புருவம் இழுபட்டு, கன்னம்வரை வந்து, மறைந்தது. மயிரில்லை. ஒரு கோடு. வெறும் கரிக்கோடு. தோளில் விரல் அழுந்தியது. உள்ளே எலும்பில்லை. கொழுப்பு.

"பசிக்குதம்மா."

ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டிருந்தது. ஏரிப் பக்கம் இப்போது உறையும் குளிராயிருக்கும்.

"இஞ்சருங்கோ!" தொண்டை கிழியக் கத்தினாள். "காரைத் திருப்புங்கோ! பிள்ளையை அங்க விட்டிட்டு வந்திட்டம்!"

கீழே தண்ணீர்ச் சத்தம். அவனுக்குக் கேட்கவில்லை.

"பசிக்குதம்மா. பசிக்குது."

அந்தச் சொல்லைத் தாங்கமுடியாமல் துவாயால் அதன் வாயை இறுக்கிப் பொத்தினாள். கையை எடுத்தாள். மூக்குக்குக் கீழே வழுவழுப்பு. வாய் இல்லை.

துவாயில் இருந்தது. கறுப்பாய், ஈரமாய். அது மெல்லத் திறந்து, அவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த கறிக் குழம்பை நக்கத் தொடங்கியது.