அடிக்கசடில் செய்த டிராகன்

போன ஞாயிற்றுக்கிழமை அறுத்தெடுத்து வெளியே சாக்கடையில் வீசிய முன்னங்கால் திரும்ப முளைத்திருந்தது.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து தட்டை இறக்கி மேசைமேல் வைத்து, போர்த்தியிருந்த ஈரத்துணியை உரித்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். துணி லேசில் வரவில்லை. புண்ணில் ஒட்டிய கட்டுத்துணி மாதிரி நூல் நூலாக இழுபட்டு, கடைசியில் ஈரச் சத்தத்தோடு விட்டது. உள்ளே டிராகன் சுருண்டு கிடந்தது. பூனை அளவு உடம்பு, முதுகில் மடக்கிய சிறகு, திறந்த வாய். மஞ்சளும் சாம்பலும் கலந்த கொழுப்பு. இடது முன்னங்கால் மட்டும், அவள் அண்ணன் கத்தி வைத்து அறுத்த அதே இடத்தில், மற்ற உடம்பைவிட வெளுப்பாக, வியர்த்தாற்போல ஈரமாக நீட்டிக்கொண்டிருந்தது.

"கால ஒட்ட வச்சீங்களா?" என்று கணவனைக் கேட்டாள்.

கைவைத்த மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நிமிராமலே இல்லை என்றான். முன்னால் ஆட்டத்துக்கான பொம்மைகளை, இரண்டு இரும்பாட்களையும், நிறுத்தித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் வெல்டர். நட்டு, போல்ட்டு, அறுந்த சைக்கிள் சங்கிலி, தேய்ந்த பல்சக்கரம் என்று பட்டறையில் கழித்துப் போட்டதையெல்லாம் வைத்து ஒரு சாண் உயரத்துக்கு அவற்றைச் செய்தவன் அவன்தான். கை காலெல்லாம் கழற்றி மாட்டலாம்.

ஞாயிறு மதியம் இந்த ஆட்டத்துக்கு உட்காருவது அண்ணன் கொண்டுவந்த பழக்கம். லாரி ஓட்டுகிறவர். சரக்கு இறக்கின ஏதோ ஒரு கிடங்கில் அவருக்கு ஒரு கதை விளையாட்டுப் புத்தகமும் இருபது முகம் கொண்ட பகடை ஒன்றும் கிடைத்தன. சூரியன் அணைந்துபோன ஓர் உலகம். ஊருக்கு வெளிச்சம் தந்துகொண்டிருந்த பெரிய உலைக்குள் ஒரு டிராகன் புகுந்து படுத்துவிட்டது. மாடி வீட்டு உயரத்துக்கு இரும்பு உடம்புகள் இருக்கின்றன. அவற்றின் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்து, நடத்திக்கொண்டு போய் அதைக் கொல்ல வேண்டும். அதுதான் கதை. கணவனுக்கு ஒரு இரும்பாள், அவளுக்கு ஒன்று. டிராகனுக்காகப் பகடை போடுவது அண்ணன். புத்தகத்தை வாசிப்பது அவள். நாற்பது வயதில் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவள், விரல் வைத்துத்தான் வாசிப்பாள், ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டாள்.

அண்ணன் ஒரு சட்டமும் போட்டிருந்தார். மேசையில் சொன்னது மேசையில் நடக்க வேண்டும். டிராகனுக்கு அடி விழுந்தால் அந்த இடத்தைக் கத்தியால் அறுத்துப் போட வேண்டும். இரும்பாளுக்கு அடி விழுந்தால் ஸ்பேனரை எடுத்து அந்தப் பாகத்தைக் கழற்ற வேண்டும். வெறுங்கையில் முழம் போடுகிற வேலை இங்கே கிடையாது என்பார்.

டிராகனை அவள் செய்தாள். அவள் சோப்புத் தொழிற்சாலையில் கொழுப்புக் காய்ச்சும் கொப்பரை சுரண்டுகிறவள். காய்ச்சி வடித்த பிறகு அடியில் தங்குவது கசடு. தோல் துணுக்கு, மயிர், பல், எந்த மிருகத்துடையது என்று யாரும் கேட்காத ஜவ்வு. அதைக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது. ஏன் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நல்ல கொழுப்பை எடுத்தால் வாசலில் பிடித்துவிடுவார்கள், கசடை யார் தேடப்போகிறார்கள் என்று சாப்பாட்டுத் தூக்கில் அடைத்துக் கொண்டுவந்தாள். உருவம் பிடிக்கும்போது விண்டு விண்டு விழுந்தது. அன்றைக்குக் காலையில்தான் கணவனுக்கு முடி வெட்டியிருந்தாள். சுவர்ப் பூச்சுக்கு நார் சேர்ப்பது மாதிரி அந்த முடியை அள்ளிப் போட்டுப் பிசைந்தாள். அதற்குப் பிறகு விள்ளவே இல்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு வாகாக வளைந்துகொடுத்தது.

பதினைந்து வருஷ வேலையில் அவள் மூக்கு செத்துப்போயிருந்தது. பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்துபோவதை வைத்துத்தான் தன்மேல் வீசுகிற வாடையை அவள் அறிவாள். ஆனால் இன்றைக்கு, ஈக்களுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தின அந்த அறையில், வெயில் கண்ணாடியைச் சுட்டுக்கொண்டிருக்க, வெளிப்பக்கம் ஈக்கள் அப்பி அப்பி அரிசி வறுபடுகிற மாதிரி ஓயாமல் சத்தமிட்டுக்கொண்டிருக்க, தட்டிலிருந்து ஒரு வாடை எழுந்து வந்து அவள் தொண்டைக்குள் இறங்கியது. கொழுப்பு வாடை இல்லை. நாள்பட்ட காலுறையும், தூங்கி எழுந்த வாயும், லேசான தித்திப்பும். தெரிந்த வாடை. பக்கத்தில் படுத்தெழுந்த வாடை.

அண்ணன் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே யாராவது செத்துக் கிடக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு வந்தார். கால் முளைத்ததைக் காட்டினாள். அவர் அதை ஒரு சங்கதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் இரும்பாளுக்கும் போன வாரம் இடது கால் போயிருந்தது. "மாப்பிள்ள, அதுக்கு முளைச்சிருச்சு, உங்காளுக்கு இன்னும் ஒத்தக் கால்ல தவம்தான்" என்று சிரித்தார். கணவன் சிரிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அவள் விரல் வைத்து வாசித்தாள். உலையின் வாசல். சாம்பல் மழை. இருட்டில் மூச்சு. கணவன் பகடையை உருட்டினான், பதினாறு. அவனுடைய இரும்பாளின் வாள் டிராகனின் முன்னங்காலில் இறங்கியதாக அண்ணன் சொன்னார். சொன்னபடியே கத்தியை எடுத்து வைத்து அழுத்தினார்.

கத்தி நின்றது.

கொழுப்பில் கத்தி நிற்காது. அண்ணன் முனகிக்கொண்டே முன்னும் பின்னும் இழுத்தார். தண்ணீர் கலந்த ரத்தம் மாதிரி ஒன்று கசிந்து தட்டில் ஓடியது. அவள் குனிந்து பார்த்தாள். அவள் அந்தக் காலுக்குத் தீக்குச்சியில் மூன்று நகம் செருகியிருந்தாள். இப்போது ஐந்து விரல் இருந்தது. பெருவிரலில் நகம், கறுத்து, நடுவே இரண்டாகப் பிளந்து.

அந்த நகத்தை அவளுக்குத் தெரியும். இரும்புத் தகடு விழுந்து கணவனின் இடது கால் பெருவிரல் நசுங்கிய வருஷம், மூன்று மாதம் சீழ் துடைத்து மருந்து போட்டவள் அவள்.

பகடை கீழே விழுந்துவிட்டது போலக் குனிந்து மேசைக்கடியில் போனாள். வீட்டுக்குள் எப்போதும் வெறுங்காலோடு இருப்பவன் இன்று ஷூ போட்டிருந்தான். இடது ஷூவின் கயிறு கட்டாமல் கிடந்தது. கயிற்று ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஏதோ பிதுங்கிக் காய்ந்திருந்தது. விரலை விட்டுக் காலுறையைத் தொட்டாள். விரல் உள்ளே போனது. எலும்பு தட்டவில்லை. இன்னும் உள்ளே போனது. வெதுவெதுப்பாக இருந்தது. விரலை உருவியபோது, கொப்பரை அடியில் கரண்டியை உருவும்போது வருகிற அதே சத்தம்.

மேலேறி வந்தாள். கணவன் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"வலிக்கல. அதான் சொல்லல" என்றான்.

அண்ணனும் குனிந்து பார்த்தார். தட்டோடு கொண்டுபோய் வெளியே எறிந்துவிடலாம் என்று அண்ணன் எழுந்தார். அவள்தான் தடுத்தாள். எறிந்தால் அவனுடைய கால் அதோடு போகும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். டிராகன் வீழும்போது அது விழுங்கியதெல்லாம் வெளியே வரும். ஒருமுறை வாசித்தாள். எழுத்தை நம்பாமல் மறுபடி வாசித்தாள். மூன்றாம் முறை அண்ணனை வாசிக்கச் சொன்னாள். அதேதான்.

ஆக, ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் கால் வரும். அதற்குமேல் யோசிக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

டிராகன் முறை. அண்ணன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். உருட்டினார். பதினெட்டு. யாரைக் கடிக்கிறது என்பதற்கு இன்னொரு தடவை. கணவனின் இரும்பாள். இடது கை.

"கழட்டாதீங்க மாப்பிள்ள" என்று சொல்லி அண்ணன் ஸ்பேனரைத் தன் மடியில் ஒளித்துக்கொண்டார்.

மேசைமேல் சின்னதாக ஒரு சத்தம். இரும்பாளின் தோள் போல்ட் தானே சுழன்றது. மரை மரையாக வெளியே வந்தது. விழுந்து உருண்டது. பின்னாலேயே கை விழுந்தது.

கணவனின் இடது கை நாற்காலிப் பிடியில் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் இருந்த சிவப்பு மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறி மறைந்தது. மயிர்க்கால்களில் எண்ணெய் துளிர்த்தது. அவள் பிடித்தாள். பிடித்த இடத்தில் அவளுடைய நான்கு விரலும் பள்ளமாகப் பதிந்தன. பள்ளம் நிரம்பவில்லை. தட்டில் டிராகனின் மறுபக்கம் விரல் விரலாக ஏதோ முளைத்து மடங்கியது.

"போடு. சீக்கிரம் போடு" என்றான்.

அவளுடைய இரும்பாளின் ஆயுதம் நெருப்பு. பகடையை எடுத்தாள். கை வழுக்கியது. அவன் கைக்கொழுப்பு. பாவாடையில் துடைத்துக்கொண்டு உருட்டினாள். பகடை ஓடி, புத்தகத்தில் முட்டி, நின்றது. இருபது.

டிராகன் செத்தது என்றார் அண்ணன். நெருப்பில் உருகிச் செத்தது என்றார். அவர் குரல் உடைந்திருந்தது, சந்தோஷத்தில்தான். கணவனும் அன்று முதல்முறையாகச் சிரித்தான்.

மேசையில் சொன்னது மேசையில் நடக்க வேண்டும். கொழுப்பை உருக்குவது எப்படி என்று அந்த வீட்டில் தெரிந்தவள் அவள். தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பெரிய பாத்திரத்தில் ஒரு விரல் தண்ணீர் விட்டாள், இல்லாவிட்டால் அடி பிடிக்கும். டிராகனை இறக்கினாள். தீயைச் சிறிதாக வைத்தாள். அவசரப்பட்டால் பொங்கும், நுரைக்கும், கருகும். நிதானமாகக் காய்ச்சினால் சுத்தமாகப் பிரியும். இந்த வேலையில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. சிறகு முதலில் சாய்ந்தது. பிறகு முதுகு தளர்ந்தது. மேலே பொன்னிறமாக எண்ணெய் நின்றது. நுரையோடு முடி கொத்துக் கொத்தாக எழும்பி வந்து, பாத்திரத்தின் ஓரமெல்லாம் வளையம் போல ஒட்டியது. நரைத்த முடி. அவள் வெட்டின முடி. வெட்டினதைவிட நிறைய.

கரண்டியை அடிவரை விட்டு அரித்தாள்.

நகம் வந்தது. கறுத்த நகம். அவளுக்கு அழுகை வந்தது. புத்தகம் பொய் சொல்லவில்லை. திரும்ப அரித்தாள். விரல் எலும்புகள், சின்னச் சின்னதாக, கரண்டி நிறைய. திரும்ப வருகிறது. எல்லாம் திரும்ப வருகிறது. மறுபடி விட்டாள். பல்.

முனை உடைந்த முன்பல். கணவனுடையது.

அது காலைத் தின்றது. கையைத் தின்றது. பல்லை அது தொடவே இல்லை.

இன்னொரு பல். இன்னும் இரண்டு. கரண்டியில் ஏதோ கனத்தது. காது மடல்.

அடுப்பை அணைத்தாள். ஓடினாள்.

அண்ணன் வாசல்படியைப் பிடித்துக்கொண்டு வெளியே வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதே என்று கையை மட்டும் ஆட்டினார்.

நாற்காலியில் சட்டை இருந்தது. சட்டைக்குள் அவன் இருந்தான். பித்தான்களுக்கு நடுவில் மஞ்சளாக வழிந்து மடியில் தேங்கி, மடி எது இருக்கை எது என்று தெரியாமல் நிரம்பி, பிடிகளின்மேல் ஏறி விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தான். தலை மார்புவரை இறங்கியிருந்தது. இறங்கின இடத்தில் வாய் திறந்தது.

"அணச்சிட்டியா?" என்றது. "குளிருதும்மா."

அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். மூட்டினால் உருகுவான். மூட்டாவிட்டால் இறுகுவான். இரண்டு அடி எடுத்து வைத்தாள். நின்றாள்.

சொட்டுவது மெதுவாயிற்று. ஒரு சொட்டு பாதியில் தொங்கி வெளுத்தது. ஆறும் கொழுப்பு தான் இருக்கும் பாத்திரத்தின் வடிவத்தைத்தான் எடுக்கும். ஓரத்திலிருந்து உள்நோக்கி, முதலில் மங்கும், பிறகு வெளுக்கும். நாற்காலியின் பிடி, கம்பி கம்பியான முதுகுச் சட்டம், இருக்கையின் சதுரம். எல்லாம் அப்படியே வந்தன. வாய் இருந்த பள்ளம் சமமானது. நடுவில் மட்டும் இன்னும் இளகிக் கிடந்த இடத்தில் ஒரு கண் மிதந்து மேலே வந்தது. சுற்றியது. அவளைக் கண்டுபிடித்து நின்றது.

ஓரத்திலிருந்து, காய்ச்சிய பாலின்மேல் போல, ஆடை படர்ந்து வந்தது. கண்மேல் படிந்தது. மூடியது.

ஆடைக்கு அடியில் கண் இன்னும் அசைந்தது.