வரியில் ஒரு கடத்தல்!

"உங்கள் பிள்ளை இப்போது உங்களிடம் இல்லை. வேறொருவரிடம் இருக்கிறாள்!"

போனில் ஒரு பெண் குரல். சுத்தமான டொச், அதுதான் ஜெர்மன் மொழி.

சிவகலாவின் கையில் இருந்த சம்பல் கோப்பை நழுவித் தரையில் சிதறியது.

"ஐயோ... என்ர பிள்ளை!!!"

அவள் போட்ட கூச்சலில் மேல் வீட்டு நாய் குரைத்தது. கீழ் வீட்டுக் கிழவர் தும்புத்தடியால் கூரையில் இடித்தார். மதிய நேரத்தில் சத்தம் போடக் கூடாதாம்! சுவிஸின் கூர் நகரத்தில் கொலையே விழுந்தாலும் மெதுவாகத்தான் விழ வேண்டும்.

"எங்க வைச்சிருக்கிறியள்? எவ்வளவு காசு வேணும்? சத்தியமாப் பொலிசுக்குப் போகமாட்டன்!"

"சின்னம்மா... ஏன் கத்துறீங்கள்?"

மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கையில் கலர் பென்சில். வாயில் பாதிக் கடலை வடை.

மதுஜா!

கடத்தப்பட்ட அதே மதுஜா!

சிவகலா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு போனில் சீறினாள்.

"ஆரடி நீ? என்ர பிள்ளை இஞ்ச வடை தின்னுது!"

நல்லவேளை, அது தமிழில் வந்தது. எதிர்முனைக்குப் புரியவில்லை.

"அம்மணி, நான் வரி அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். பெயர் கடூஃப். பிள்ளை வீட்டில் இருக்கலாம். ஆனால் வரிக் கணக்கில் இன்னொருவரிடமும் இருக்கிறாள்!"

விஷயம் இதுதான். மதுஜா, சிவகலாவின் அக்கா மகள். சில வருடங்களுக்கு முன் அக்காவும் அத்தானும் ஒரு கார் விபத்தில் போய்விட்டார்கள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கும் சிவகலாதான் அன்றிலிருந்து, பாதுகாவலர் சபை நியமித்த சட்டப்படியான பாதுகாவலர். வருடா வருடம் மதுஜாவின் பெயரை எழுதி, பிள்ளைக்கான வரிக் கழிவையும் எடுத்து வந்தாள்.

இந்த வருடம் அதே பிள்ளையை, அதே பிறந்த திகதியோடு, இன்னொரு ஆளும் எழுதியிருக்கிறார்!

"ஆர் அந்த ஆள்?" சிவகலா டொச்சுக்கு மாறினாள்.

"சொல்ல முடியாது. வரி ரகசியம்."

"என்ர பிள்ளையைக் களவெடுத்தவன்ர பேரை எனக்கே சொல்லமாட்டியளோ?"

"மன்னிக்கவும். ஒரு பிள்ளைக்கு ஒரு இடத்தில்தான் கழிவு. விளக்கம் கிடைக்காவிட்டால், பிள்ளை உண்மையில் யாரிடம் வளர்கிறாள் என்று பாதுகாவலர் சபையிடம் கேட்க வேண்டி வரும்."

போன் அடங்கியது.

சிவகலா மதுஜாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கழிவு போனால் போகட்டும், எவனாவது தின்னட்டும். ஆனால் சபை மறுபடியும் ஃபைலைத் திறந்தால்? அந்த ஆள் வந்து, பிள்ளை எனக்குத்தான் என்று நின்றால்? இவளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எப்படி உயிரோடு இருப்பது?

"சின்னம்மா, அழுறீங்களோ?"

"இல்லையடா செல்லம். சம்பல் உறைச்சிட்டுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபிசனுக்குப் போன் போட்டாள்.

கோபிசன், மதுஜாவின் தகப்பனுடைய தம்பி. எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் குக். லீவு கிடைத்தால் போதும், சிவப்பு மலை ரயிலில் ஏறி மதுஜாவைப் பார்க்க இறங்கி வந்துவிடுவான். மதுஜாவை மட்டும்தான் பார்க்க வருகிறான் என்று அவனும் நம்பினான். சிவகலாவும் நம்பினாள்!

இன்றும் அவனுக்கு லீவு. பாதி வழியில் ரயிலில் இருந்தான். வாசலில் வந்து நின்றபோது கையில் வால்நட் கேக். முகத்தில் இரத்தமே இல்லை.

"சிவகலா... நான் உம்மட்ட ஒண்டு சொல்லோணும்..."

"பிறகு சொல்லும்! முதல் கள்ளனைப் பிடிப்பம்!"

"அதில்லை... அந்தக் கள்ளன்..."

"பிள்ளையின்ர பிறந்த திகதி ஆருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும். வேற?"

கோபிசன் தண்ணீர் கேட்டான்.

"மூத்ததம்பி அண்ணைக்கும் தெரியும்!" சிவகலா துள்ளி எழுந்தாள். "அவர்தானே என்ர வரிப் படிவம் நிரப்புறவர்? என்ர பிள்ளையை வேற ஆருக்கோ வித்துப்போட்டார். நடவும்!"

"சிவகலா, கொஞ்சம் பொறும்..."

"பொறுக்கேலாது!"

மதுஜாவையும் இழுத்துக்கொண்டு சிவகலா மூத்ததம்பியின் மளிகைக் கடைக்குள் நுழைய, மிளகாய்த்தூள் வாசம் மூக்கில் ஏறியது. முன்னால் மரக்கறி. பின்னால் வரிப் படிவம் நிரப்பும் கம்ப்யூட்டர். முன்னால் ஏமாந்த ஆளுக்குப் பின்னால் ஆறுதல் கிடைக்கும் என்று ஊரில் பேச்சு.

"வாங்கோ தங்கச்சி! நல்ல முருங்கைக்காய் வந்திருக்கு..."

"முருங்கைக்காயை விடுங்கோ அண்ணை. என்ர பிள்ளையை ஆருக்கு வித்தனீங்கள்?"

மூத்ததம்பியின் கையிலிருந்த முருங்கைக்காய் இரண்டாக முறிந்தது!

"என்ன விசர்க் கதை இது?"

"மதுஜாவை இன்னொராள் தன்ர கணக்கில போட்டிருக்கிறார். உங்களுக்குத் தெரியாமல் நடக்காது. பேரைச் சொல்லுங்கோ!"

மூத்ததம்பி சிவகலாவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற கோபிசனைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். கூரையில் எதுவும் இல்லை.

"தொழில் ரகசியம் தங்கச்சி..."

"அப்ப தெரியும்! சரி. கோயில் தேருக்கு வாற சனம் முழுக்கக் கேக்க, மைக் பிடிச்சுச் சொல்லப்போறன். மூத்ததம்பி அண்ணை பிள்ளை பிடிக்கிற ஆள் எண்டு!"

"ஐயையோ... என்ர யாவாரம்! தங்கச்சி, நில்லும்!"

"பேர்?"

"அந்தக் கள்ளன்..." மூத்ததம்பி மூச்சு வாங்கினார். "உமக்குப் பின்னாலதான் கேக்கோட நிக்கிறான்!!!"

சிவகலா திரும்பினாள்.

கோபிசன் கேக் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றான்.

"நீரோ...?"

"நேற்று எனக்கும் வரிக் கந்தோரால போன் வந்தது. உடன இவருக்குப் போன் எடுத்து யோசனை கேட்டனான். உம்மட்ட சொல்லத்தான் வந்த நேரத்தில இருந்து..."

"நடிச்சீரே பாவி! என்ர பிள்ளையை என்னட்ட இருந்து பிரிக்கவோ பாத்தனீர்?"

"சத்தியமா இல்லை!" கோபிசனின் குரல் உடைந்தது. "இந்த முறை நானே கம்ப்யூட்டரில நிரப்பினனான். பிள்ளைகள் ஆர் எண்டு கேட்டுது. வெறுமையா விட மனம் வரேல்லை. அண்ணனும் போயிட்டான்... இந்த நாட்டில எனக்கெண்டு வேற ஆர் இருக்கினம்? மதுஜா எண்டு அடிச்சிட்டன். கழிவைப் பற்றி யோசிக்கவே இல்லை."

சிவகலா ஓரடி கிட்ட வந்தாள்.

"அதுக்கு முன்னம், மனைவி ஆர் எண்டும் கேட்டுது..." அவன் தரையைப் பார்த்தான். "உம்மட பேரை அடிச்சுப்போட்டு... பயத்தில அழிச்சிட்டன்."



சிவகலாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. இனம் தெரியாத ஒரு சந்தோசம்தான் வந்தது. அதை மறைக்கப் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கடூஃபை அழைத்தாள்.

"கள்ளனைப் பிடிச்சாச்சு!"

கோபிசன் தட்டுத் தடுமாறி டொச்சில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். "பிள்ளை சிவகலாவோடதான் வளருது. என்ர கணக்கில இருந்து அவளை எடுத்துவிடுங்கோ, அம்மணி."

"அதை எழுத்தில் தந்தால் போதும். சபைக்குப் போக வேண்டியதில்லை."

சிவகலா மதுஜாவின் தலையில் முகம் புதைத்து அழுதாள். இந்த முறை சம்பல் மேல் பழி போடவில்லை.

"ஒரே ஒரு கேள்வி," கடூஃப் விடவில்லை. "அந்த மனிதர் பிள்ளைக்கு என்ன உறவு?"

மதுஜா முந்திக்கொண்டாள். "சித்தப்பா!"

"அப்படி என்றால்?"

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உறவுமுறைப் பாடத்தைக் கரைத்துக் குடித்தவள் மதுஜா. நல்ல சுவிஸ் டொச்சில் விளக்கினாள்.

"சின்னம்மாவின் புருசன்!"

மூத்ததம்பிக்குப் புரையேறியது.

"ஓஹோ!" கடூஃபின் குரல் கறாரானது. "தம்பதி என்றால் ஒரே படிவம் அல்லவா தர வேண்டும்? ஏன் இரண்டு வந்தது? நீங்கள் இருவரும் திருமணம் செய்தவர்களா?"

கோபிசன் போனைக் கையால் பொத்திக்கொண்டான். காது வரை சிவந்திருந்தான்.

"சிவகலா... என்ன சொல்லட்டும்?"

சிவகலா அவனைப் பார்த்தாள். மதுஜாவைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"இன்னும் இல்லை எண்டு சொல்லும்."

"இன்னும்...?" கோபிசனின் கையிலிருந்த கேக் பெட்டி வெங்காயக் கூடைக்குள் விழுந்தது!

"தங்கச்சி, அவசரப்படாதேயும்!" மூத்ததம்பி பதறியபடி ஓடி வந்தார். "கலியாணம் கட்டினா ரெண்டு சம்பளத்தையும் சேர்த்துப் பாப்பாங்கள். வரி கூடும்! அனேகமா கோபிசன்தான் கட்ட வேண்டி வரும்!"

சிவகலா சிரித்தாள்.

"கட்டட்டும் அண்ணை! பிள்ளை களவெடுத்த ஆளை ஒரு தண்டனையும் இல்லாமலோ விடுறது?"