மிளகாய்க்கு எத்தனை அங்குலம்?

பட்டாசு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. சந்தோஷம் வந்தால் ஓர் இடத்தில் நிற்காமல் படபடவென்று வெடிப்பாள், அதனால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே அவள் வெடித்துக்கொண்டிருந்தாள். காரணம், மிளகாய்.

மிளகாய் ஒரு பெட்டா மீன். சண்டை மீன் என்றும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுத் தோழி ஊர் மாறிப் போகும்போது, அதை ஒரு ஜாம் பாட்டிலில் விட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உடம்பெல்லாம் பழுத்த மிளகாய் நிறம். ஆனால் வாலை மடித்துக்கொண்டு அடியிலேயே கிடந்தது. திரும்பலாம் என்றால் மூக்கு ஒரு பக்கம் இடித்தது, வால் மறுபக்கம் இடித்தது. அதைப் பார்த்ததுமே பட்டாசு தொட்டி வேண்டும் என்று கேட்டாள்.

பிறந்தநாள் பரிசாகத் தொட்டி வாங்கித் தர அம்மா ஒத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய தொட்டி என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. பல் டாக்டர் கிளினிக்கில் இருப்பதுபோல் சுவர் முழுக்க வேண்டும் என்றான் அண்ணன்.

"அப்ப நாம மூணு பேரும் பாட்டில்லதான் குடியிருக்கணும்" என்றார் அம்மா.

அம்மாவுக்குத் தையல் வேலை. எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, பாட்டிலுக்கு வெளியிலிருந்தே மீனை அளந்தார். நீளம் நாலு அங்குலம். வளர்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் தாராளம் விட வேண்டும் என்று ஓர் அங்குலம் சேர்த்து, 'தொட்டி, ஐந்து அங்குலம்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

தெருமுனையில் இருந்த வளர்ப்பு மீன் கடைக்கு அண்ணனும் தங்கையும் ஓடினார்கள். கடைக்கார அக்கா சீட்டைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வளைந்த பாட்டிலுக்குள் எதை விட்டாலும் பெரிதாகத்தான் தெரியும், உங்கள் மீன் இரண்டரை அங்குலம் இருந்தாலே அதிகம் என்றார்.

அண்ணன் முகம் தொங்கிப்போனது. "அப்ப இன்னும் சின்னத் தொட்டியா?"

"அம்மா எடுத்தது சட்டை அளவுடா. உன் சட்டை அளவுக்கு உனக்கு வீடு கட்டினா, நீ இருப்பியா?"

பெட்டாவுக்கு இருபது லிட்டராவது வேண்டும், துள்ளிக் குதிக்கும் என்பதால் மூடியும் வேண்டும் என்று சொல்லி, அக்கா இரண்டு தொட்டிகளைக் காட்டினார். இரண்டிலும் பிடிப்பது இருபது லிட்டர்தான். ஒன்று ஒல்லியாக உயர்ந்து நின்றது. இன்னொன்று குட்டையாக நீண்டு கிடந்தது.

அண்ணனுக்கு உயரமானதுதான் பிடித்தது. பார்க்கவும் கம்பீரம், வீட்டில் செருப்பு அலமாரியின் மேல் கச்சிதமாக உட்காரும் என்றான்.  பட்டாசோ கடையிலிருந்த வேறொரு பெட்டாவைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அது மேலே வந்து வாயால் தண்ணீரின் மேல்பரப்பைத் தொட்டது. கீழே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே வந்தது. நேற்று மிளகாயும் இதையேதான் செய்தது. ஏன் என்று கேட்டாள். பெட்டா மேலே வந்து காற்றையும் விழுங்க வேண்டும், அதற்கு அதுவும் ஒரு மூச்சு என்றார் அக்கா.

"அப்ப உயரத் தொட்டியில விட்டா, ஒவ்வொரு மூச்சுக்கும் மாடி ஏறணும். அவ்வளவு பெரிய வாலையும் தூக்கிக்கிட்டு" என்றாள் பட்டாசு. "எங்களுக்கு நீளமானதுதான் வேணும்."

அக்கா அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். நீளத் தொட்டி கடையில் அது ஒன்றுதான் இருந்தது. ஐந்து மணி வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகவும், அதற்குள் வெயில் படாத, ஆடாத இடம் பார்த்துவிட்டு வரும்படியும் சொன்னார். தண்ணீரும் மணலும் சேர்ந்தால் முப்பது கிலோ கனக்குமாம். தொட்டியின் அடிப்பாக அளவையும் அம்மாவின் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டார். சீட்டை நினைத்துக் கொஞ்சம் அசடு வழிந்தார். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இடம் இருந்தா வாங்கலாம். இல்லேன்னா மீனை அந்த அக்காகிட்டயே குடுத்துடுவோம். பாட்டில்ல வச்சு வதைக்கக் கூடாது."

மிளகாயைக் கொடுப்பதா? பட்டாசு கடிகாரத்தைப் பார்த்தாள். அழுதால் நேரம்தான் போகும். துணியை வெட்டுவதற்கு முன்னால் அம்மா காகிதத்தில் வெட்டிப் பார்ப்பாரே, அதேபோல் சீட்டில் இருந்த அளவுப்படி தொட்டியின் அடிப்பாகத்தைப் பழைய செய்தித்தாளில் அளந்து வெட்டினாள். அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தாள்.

செருப்பு அலமாரியில் காகிதம் நாலு விரல் வெளியே நீட்டியது. ஜன்னலோரம் பொருந்தியது, ஆனால் மதியம் முழுக்க வெயில் காய்ந்தது. ஃபிரிட்ஜ் அடிக்கடி குளிர்க்காய்ச்சல் வந்தாற்போல் நடுங்கியது. அம்மாவின் வெட்டு மேஜையை நெருங்கியதும் அம்மா ஒரு பார்வை பார்த்தார். பட்டாசு அப்படியே பின்வாங்கினாள். மணி நாலு.

மிச்சம் இருந்தது அவளுடைய படிப்பு மேஜை. போன மாதம்தான் வந்தது. அதற்குமுன் தரையில் குப்புறப் படுத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். மேஜை வந்த நாளிலிருந்து அதில் அண்ணன் ஒரு பென்சில்கூட வைக்கக் கூடாது. காகிதத்தை விரித்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பாதி மேஜை காணாமல் போனது.

அவளுக்கு மனசே வரவில்லை. காகிதத்தை ஒருமுறை மடித்தாள், மறுபடி விரித்தாள். பிறகு வண்ணப் பெட்டியையும் ஓவிய நோட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள்.

"யோசிச்சுக்கோ. தண்ணி ஊத்திட்டா அப்புறம் நகர்த்த முடியாது" என்றார் அம்மா.

"யோசிச்சுட்டேம்மா. எனக்குக் குப்புறப் படுத்தும் எழுத வரும். அதுக்குப் பாட்டில்ல நீந்த வராது."

முப்பது கிலோவை மேஜை தாங்குமா? அண்ணன் முப்பத்தாறு கிலோ. காகிதத்தின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்தான். மேஜை அசையவில்லை. தின்ற சோறு இன்றைக்குத்தான் உபயோகப்பட்டது என்றார் அம்மா. ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மூன்று பேரும் கடை வாசலில் மூச்சு வாங்க நின்றார்கள்.

மறுநாள் மாலை தொட்டி தயாரானது. அடியில் மணல், ஓரத்தில் ஒரு செடி, கடைக்கார அக்கா கொடுத்த மருந்தைச் சொட்டுவிட்டுத் தயார் செய்த தண்ணீர். பாட்டிலில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கடைசியில் பட்டாசு பாட்டிலை மெதுவாகச் சாய்த்தாள்.

மிளகாய் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு மூக்கு மட்டும் வெளியே வந்தது. அப்புறம் மீன் முழுதாகப் புறப்பட்டு நேராக மறுகோடி வரை போய், எதிலும் இடிக்காமல் திரும்பியது. திரும்பும்போது வாலையும் துடுப்புகளையும் முதல்முறையாக முழுக்க விரித்தது. சிவப்புக்குள் நீலம், நீலத்துக்குள் ஊதா.

தையல் மிஷின் சத்தம் நின்றது. அம்மா எழுந்து வந்து, தொட்டியோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தார்.

"அடேயப்பா, இவ்வளவு துணியையும் இத்தனை நாள் எங்கடா மடிச்சு வச்சிருந்தே?"