பட்டியலில் இல்லாத அபாயம்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: மாமியார் சௌந்தரவல்லி, அவர் மகன் இளவழகன், மருமகள் பிரமிளா, ஒரு மருத்துவ ரோபோ.

செவ்வாய்க் குடியிருப்பில் நாற்பது ஆண்டுகளாகப் பெண்களுக்கு மாதவிடாய் வருவதே அபூர்வம். பதின்மூன்று வயதில் கைத்தோலுக்கடியில் அரிசியளவு தடைமணி ஒன்றைப் பதித்துவிடுவார்கள். பூமியில் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் நாளைத் தள்ளிப்போட விழுங்கிய நோரெதிஸ்டிரோன் மாத்திரைதான் அதற்கு மூலம். அதோடு ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிணைத்துப் பன்னிரண்டு ஆண்டு தாங்கவைத்தவர் சௌந்தரவல்லி. சதுக்கத்தில் அவருக்குச் சிலை உண்டு.

பிள்ளைப்பேற்று அனுமதிக் குலுக்கலில் பிரமிளாவின் பெயர் விழுந்தது. ஆயுளுக்கு ஒரே முறை. மறுபடி தடைமணி ஏறினால் அனுமதி ரத்து. சௌந்தரவல்லி குடியிருப்பு முழுக்க இனிப்பு கொடுத்தார். தடைமணியை எடுத்து இன்று மூன்றாம் நாள். நாளை கோயில் கும்பாபிஷேகம்.

“அத்தை, எனக்கு வந்துடுச்சு.” பிரமிளா சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

சௌந்தரவல்லி நாளைய விழாவுக்கான கலசங்களை மறைத்து நின்றார். “அங்கேயே நில்லு. எதையும் தொடாதே.”

“மருந்து நின்னா இது வரும்னு உங்களுக்குத் தெரியாததா?”

“மருந்து வேற, சாமி வேற. மூணு நாள் தனியா இருந்தா தேய்ஞ்சா போயிடுவே?”

இளவழகன் தரையைப் பார்த்தான். “அம்மா சொல்றதைக் கேளேன், பிரமி.”

“நீ சிலைக்குப் பக்கத்துல இன்னொரு சிலை,” என்றாள் அவள்.

காற்றை அளந்து கொடுக்கும் ஊரில் யாரும் உபரி அறை கட்டுவதில்லை. வீட்டில் இருந்தது நோயாளியைத் தனிமைப்படுத்தும் அறை ஒன்றுதான். அதைத் திறக்க ரோபோவுக்குக் காரணம் வேண்டும்.

“என்ன நோய்?” என்று கேட்டது.

“நோயில்லை. தீட்டு.”

“அது என் பட்டியலில் இல்லை.”

சௌந்தரவல்லி ரோபோவின் திரையில் பட்டியலை மேலும் கீழும் தேடினார். பொருந்துவதாக எதுவுமில்லை. கடைசியில் ‘உயிரி அபாயம்’ என்பதைத் தொட்டார். மூலம் என்ன என்று கேட்டதற்கு ‘உதிரப்போக்கு’ என்று பதிந்தார்.

“ஏற்கப்பட்டது. ஆளைத் தனிமைப்படுத்த வேண்டும். அபாயத்தின் மூலத்தை நிறுத்த வேண்டும்.”

பிரமிளா உள்ளே போனாள். நாலடி அகலம், ஒரு கட்டில். திரும்பிப் பார்த்தால், ரோபோவும் பின்னாலேயே வந்திருந்தது. அதன் கைத்தட்டில் புதிய தடைமணி.

“வேண்டாம்! அத்தை, சொல்லுங்க!”

சௌந்தரவல்லி விழுந்தடித்து ஓடிவந்தார். “நிறுத்து! என் பேரப்பிள்ளை!”

“அபாயம் நீங்கும்வரை உத்தரவை மாற்ற முடியாது,” என்றது ரோபோ மரியாதையாக. “நாளை விழாவுக்குள் முடிந்துவிடும், அம்மா. கவலை வேண்டாம்.”

அதன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது.